அந்த ஆறு மணி நேரம்

கிரிம்ஸ்பியில் மீன்வாடைக்கு வியாழக்கிழமையும் விடுமுறை இல்லை.
நூலகத்தின் மாடியறை, ஏழு நாற்காலி,
பெயருக்கு ஒரு ஹீட்டர்.
மணிக்கு இருபத்திரண்டு பவுண்டுக்கு
நான் அலுவலக ஆங்கிலம் சொல்லித்தருகிறேன்.

ஜினாய்தா கோட்டைக் கழற்றாமல்தான் உட்காருவாள்.
தௌகாவ்பில்ஸ்காரி. பகலெல்லாம் குளிர்கிடங்கில்
காட் மீன் பெட்டிகளுக்கு அனுப்புச்சீட்டு எழுதுகிறவள்.
பக்கத்தில் ரெனாத், லாரி ஓட்டுகிறவன்.
அவனுக்குக் காலம் இரண்டே: நேற்று, உடனே.

'ஏ' எங்கே, 'தி' எங்கே என்று கேட்டேன் முதல் வாரம்.
ரஷ்ய மொழியில் அவை இல்லையாம்.
என் மொழியிலும் இல்லை என்று நான் சொல்லவில்லை.
போர்டில் எழுதினேன்:
முதலில் பார்க்கும்போது ஏதோ ஒரு பெட்டி,
மறுபடி பார்த்தால் அது 'தி' பெட்டி.
"பெட்டி மாறவில்லையே" என்றான் ரெனாத்.
மாறவில்லைதான்.

ஐ டிஸ்பாட்ச் கிளார்க் என்று எழுதியிருந்தாள்.
நடுவில் ஓர் 'ஆம்' செருகினேன், சிவப்பு மையில்.
நான் ஆசிரியை, என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.
அங்கேயும் நடுவில் ஒன்றுமில்லை.
நானும் வேலையும் ஒட்டிக்கொண்டு கிடந்தோம்.

ஹீட்டர் நின்றுபோன மாலை அவள் முணுமுணுத்தாள்:
ம்னே ஹோலத்னோ.
அப்படியென்றால்?
விரலை மடக்கிச் சொன்னாள்: எனக்கு. குளிர்.
ஆங்கிலத்தில் நானே குளிராகிவிட வேண்டும்.
எங்கள் இருவருக்கும் அது வெளியிலிருந்து வருகிறது,
தபால் மாதிரி, விலாசம் பார்த்து.

ஐந்தாம் வாரம் பணிவு.
"பேப்பரை இன்றே அனுப்பு" என்பதை எப்படித் தணிப்பது.
ஐ வாஸ் வொண்டரிங்,
யோசித்துக்கொண்டிருந்தேன், ஒருவேளை தங்களால் இயலுமானால்.
"எப்போது யோசித்தேன்?"
இப்போதுதான்.
"பிறகு ஏன் இறந்தகாலம்?"
கதவைத் தட்டிவிட்டு இரண்டடி பின்னால் நிற்பதுபோல, என்றேன்.
அவர்களுக்கு ஒரு 'வி', எனக்கு ஒரு 'ங்க', வேலை முடிந்தது.
இங்கே ராஜாவுக்கும் நாய்க்கும் யூ ஒன்றுதான்;
ஆகவே மரியாதையை வாக்கியம் முழுக்கத் தடவவேண்டும்,
ரொட்டியின் ஓரம்வரை வெண்ணெய்.

தடவக் கற்றுக்கொண்டாள்.
அக்டோபரில் ஒரு சனிக்கிழமை உறைகலம் பழுதாகி
ஆறு மணி நேரம் கூடுதலாக நின்றிருக்கிறாள்.
சம்பளச்சீட்டில் அது இல்லை.
மேனேஜருக்கு மூன்று மின்னஞ்சல்.
மூன்றையும் நான்தான் திருத்தினேன்,
ஒருவேளைகள், இயலுமானால்கள்,
தங்கள் பொன்னான நேரத்துக்கு நன்றி.
பத்துக்குப் பத்து போட்டேன்.
ஒன்றுக்கும் பதில் இல்லை.

நான்காவதை என்னிடம் காட்டாமல் அனுப்பிவிட்டாள்.
அடுத்த வியாழன் போனை மேஜைமேல் வைத்தாள்.
டியர் இல்லை. ப்ளீஸ் இல்லை.
யூ டிட் நாட் பே மீ தி சிக்ஸ் அவர்ஸ்.
கீழே பெயர்.

பதினோரு நிமிடத்தில் மேனேஜர் எழுதியிருந்தார்,
ஏதோ தவறு நேர்ந்திருக்கக்கூடும் எனத் தமக்குத் தோன்றுவதாகவும்
வெள்ளிக்குள் பார்ப்பதாகவும்.
"இவர் எந்த வகுப்பில் படித்தார்?" என்றான் ரெனாத்.

பேனா தானாக எழுந்தது. ஒரு 'ஃபார்' விட்டுப்போயிருந்தது.
அப்போதுதான் அந்த 'தி'யைப் பார்த்தேன்.
நான் செருகாதது.
ஏதோ ஆறு மணி நேரமல்ல,
அவளுக்கும் தெரிந்த, அவருக்கும் தெரிந்த,
அந்த ஆறு.
பேனாவை மூடினேன்.

வெள்ளி என்ன ஆனதென்று தெரியாது; மறுவாரம் வகுப்பில்லை.
துறைமுகத்தைச் சுற்றிப் போகும் கடைசிப் பேருந்தில்
என் போனைத் திறந்தேன்.
கல்லூரிக்கு ஒரு கடிதம், பயணப்படி பாக்கி பற்றி,
மூன்று மாதமாக அனுப்பாமல் கிடக்கிறது.
ஐ வாஸ் வொண்டரிங் என்று தொடங்குகிறது.
ஜன்னல் முழுதாக மூடவில்லை.
எனக்குக் குளிர்.